நெவெனா விட்டுக்கொடுத்த வாய்ப்பு

என் அண்ணி நெவெனா, ஹாஸ்கோவோ நகரில் ஒரு ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள். முப்பத்தொன்பது வயதில் பளு தூக்கப் போகிறாளே என்று தெருவே சிரிக்கும். மூன்று வருடம் முன்பு, உடம்பு சூடேறும் முன்பே அவசரமாகத் தூக்கி வலது தோளைக் கிழித்துக்கொண்டாள். பத்து மாதம் நான்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன்.

இந்த மே மாதம் மாவட்டப் போட்டி. மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் வெறும் கம்பி, நாற்பது, அறுபது, எழுபது என்று படிப்படியாகத் தூக்கி உடம்பைச் சூடாக்கிக்கொண்டாள். மேடையில் அவளுடைய முதல் எடை எண்பது கிலோ. கூப்பிட மூன்று நிமிடம் இருக்கும்போது மேடைப் பலகை விரிசல் விட்டது. அதை மாற்றப் பத்து நிமிடம் என்றார்கள். இருபத்தைந்து ஆனது.

மறுபடி தூக்கினால் பலம் போகும், சும்மா இருந்தால் உடம்பு ஆறிவிடும். நான் கம்பளி போர்த்தினேன். அவள் எழுந்தபோதெல்லாம் பயிற்சியாளர் கிர்யாகோவ் பிடித்து உட்காரவைத்தார்.

திடீரென ஒலிபெருக்கியில் அவள் பெயர். மேடையேற ஒரு நிமிடம்.

"போ, போ!" என்றார் கிர்யாகோவ்.

அண்ணி கையைத் தூக்கிப் பார்த்தாள். காதைத் தாண்டவில்லை.

"வெறைச்சுப் போச்சு மாஸ்டர். நான் போகல."

"என்னது? இதுக்கா அஞ்சு மாசமா என் உயிர வாங்கினே?"

"நேரம் ஓடட்டும். இதே எண்பதுல இன்னும் நாலு பேரு முதல் தடவையே தூக்கல. அவங்க முடிச்சாத்தான் என்னோட ரெண்டாவது. கலினா, நீ எண்ணு," என்று என்னைப் பார்த்தாள்.

ஒரு நிமிடம் முடிந்து மணி அடித்தது. மூன்று வாய்ப்பில் ஒன்று போயிற்று. பக்கத்து அணிப் பயிற்சியாளர், "ரொட்டி இன்னும் வேகலையாம்!" என்று கத்தினார். அண்ணி ஏற்கெனவே பின்னறையில் வெறும் கம்பியைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேரு?"

"மூணு... ஐயோ அண்ணி, ஒருத்தி எடையைக் கூட்டி உனக்குப் பின்னால போயிட்டா! ரெண்டுதான்!"

அறுபதை விட்டுவிட்டு நேராக எழுபதைத் தூக்கினாள். கழுத்தில் வியர்வை வந்தது. அவள் பெயரை மறுபடி அழைத்தார்கள்.

எண்பது தலைக்கு மேலே போய் நின்றது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அடுத்து எண்பத்துநாலைக் கீழே போட்டுவிட்டாள். நாலாவது இடம்.

மற்றவர்கள் நாற்காலியில் சரிந்தார்கள். அவள் உடம்பை மெல்ல ஆறவைக்க நடைக்கூடத்தில் மெதுவாக நடக்க ஆரம்பித்தாள். கிர்யாகோவ் வழிமறித்தார்.

"அந்த முதல் வாய்ப்பையும் விடாம தூக்கியிருந்தா மூணாவது."

"இல்லேன்னா ஆஸ்பத்திரி. நடக்கறேன் மாஸ்டர், வழிய விடுங்க."

விலகினார். ஒரு சுற்று முடித்து நாங்கள் திரும்பியபோது அவரும் வந்து சேர்ந்துகொண்டார். "மூச்சை மெதுவா விடு," என்றார். அன்று அதற்குமேல் திட்டவில்லை.