வெள்ளிக்கிழமை ஜெபத்தில் நான் சொன்னது

அந்த நடிகர் இறந்த வாரம், வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவோம். பாட்டுக்கு முன்பே பேச்சு தொடங்கிவிட்டது.

"மனச்சோர்வாம்ளா. பைக்குள்ள பூராவும் போதை மாத்திரைன்னு டிவியில சொல்லுதான்."

"காரு, பங்களா எல்லாம் இருக்கு. அவனுக்கு என்னளா சோர்வு? ரேஷன் கடையில ஒரு நாள் நின்னா தெரியும்."

எல்லோரும் சிரித்தோம். ஒருத்தி மட்டும், "பாவம், அவனுக்காக ஒரு நிமிசம் ஜெபிப்போமாக்கா?" என்றாள்.

"செத்தவனுக்கு ஏதுளா ஜெபம்? அது நம்ம வழக்கமில்ல" என்றார் கூட்டம் நடத்தும் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கல்லாம் அவனுக்காக அழுதாளுவளாமே?"

நான் சொன்னேன்: "வீட்டுல ஒழுங்கா வளத்திருந்தா மாத்திரை எதுக்குக்கா?"

காபித் தட்டோடு என் மகள் கதவருகில் நின்றிருந்தாள்.

அவள் எட்டு மாதமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். கல்லூரியிலிருந்து பாதியில் வந்ததற்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்திருக்கிறோம். தூத்துக்குடியில் டாக்டர் இல்லாமலில்லை. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போகிறோம். பொய்யைக் காப்பாற்ற ஒவ்வொரு தடவையும் ஒரு சுடிதார் துணி வாங்குவேன். தைக்காமலே அலமாரியில் கிடக்கின்றன. அன்று சொன்னதும் அதே பழக்கத்தில்தான். யாருமே கேட்காத சந்தேகத்துக்கு நானாகச் சொன்ன பதில்.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரை அட்டையைப் பார்த்தேன். வெள்ளியிலிருந்து ஒன்றுகூடக் குறையவில்லை. திடீரென்று நிறுத்தக் கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

"ஏன் போடல?"

"ஒழுங்கா வளந்த பிள்ளைக்கு எதுக்கு?" போனிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. நடிகரின் படத்துக்குக் கீழே ஊரெல்லாம் கேலியாக எழுதியதைத் தள்ளித் தள்ளி வாசித்துக்கொண்டிருந்தாள். "இவனுவளுக்கு என்னைத் தெரியாது, தள்ளிவிட்டுட்டுப் போயிரலாம். நீங்க நம்ம வீட்டுல உக்காந்து சொல்லுதீங்கம்மா."

"அடுத்த வெள்ளி எல்லார்ட்டயும் உண்மையைச் சொல்லிருதேன்."

"என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லாதீங்க. அதை நான்தான் சொல்லணும். அவனைப் பத்திச் சொன்னதை மட்டும் மாத்துங்க."

டாக்டர் போனில் அவளோடு பேசினார். கேட்டுக்கொண்டாள், மாத்திரை போடவில்லை. பள்ளியில் ஒவ்வொரு இடைவேளைக்கும் வீட்டுக்குப் போன் செய்தேன். எங்கள் வீடு துறைமுகச் சாலையில். லாரிச் சத்தத்தில் அவள் குரல் ஒரு நொடி கேட்காவிட்டாலும் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

அடுத்த வெள்ளி, பக்கத்து வீட்டில் கூட்டம். "நானும் வாரேன்" என்று கூடவே வந்தாள். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் ஜெபக் குறிப்பு கேட்டபோது என் முறை வந்தது.

"போன வாரம் அந்த நடிகரைப் பத்தி நான் சொன்னது தப்பு. அது வளர்ப்புல வாரதில்ல, வியாதி. அதுக்கு மாத்திரை சாப்பிடுதவங்களப் பாத்து நாம சிரிக்கக் கூடாது."

"என்ன டீச்சர், நீங்களும் ரசிகையா?" என்று ஒருத்தி கேட்க, இரண்டு பேர் சிரித்தார்கள். கூட்டம் நடத்தும் அக்கா சிரிக்கவில்லை. என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவசரமாகப் பாட்டைத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் என் எதிரில் நின்றே மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள்.

"கூட்டம் நடத்துத பெரியம்மாவுக்குத் தெரிஞ்சிட்டு" என்றாள்.

"எம்மேல கோவமா?"

தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நாளைக்கும் போடுவியா?"

"கேட்டுக்கிட்டே இருக்காதீங்கம்மா."