சின்ன வாய்க்காரிக்கு ஒரு கடிவாளம்

என் கணவர் குதிரை வாங்கிய செய்தி வந்தபோது, ஒரு நோயாளியின் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தேன். உதவிக்கு இருந்த பெண் போனை என் காதருகே பிடித்திருந்தாள்.

"பெண்குதிரை. ரேஸ்ல ஓடி ரிட்டையர் ஆனது. பாவம், ரொம்ப சென்சிடிவ்" என்றார்.

கையில் ட்ரில் ஓடிக்கொண்டிருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

சேலையூரில் பல் கிளினிக் நடத்துகிறேன். அவர் வங்கியில் வேலை பார்க்கிறவர். ஐம்பதைத் தொட்டதும் மற்றவர்கள் நடைப்பயிற்சிக்குப் போவார்கள். இவர் குதிரையேற்றம் கற்றுக்கொள்ளப் போனார். அகரம்தென் பக்கம் நண்பர் ஒருவரின் தோப்பில் நாலைந்து குதிரைகள் உண்டு. எங்கள் குதிரையும் அங்கேயே தங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவளைப் பார்க்கப் போனேன். செம்பழுப்பு நிறம், நீளமான கால்கள், எதையோ தொலைத்துவிட்டவளைப் போன்ற முகம். பக்கத்து விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம் தலைக்கு மேல் பறந்தால் உடம்பெல்லாம் சிலிர்த்தாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் கணவர் ஏறி உட்கார்ந்து கடிவாள வாரைக் கையில் எடுத்தாரோ இல்லையோ, தலையை வானத்துக்குத் தூக்கினாள், வாயைப் பிளந்தாள், நாக்கை வெளியே தள்ளினாள். அப்படியே பின்பக்கமாக நடந்து, அவரை முருங்கை மரத்தின் கிளைகளுக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள்.

குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணா ஓடிவந்து பிடித்தார். "இதுக்கு வாயி மரத்துப்போயி கீது டாக்டரம்மா. இன்னும் கெட்டியா ஒரு இரும்பு போட்டாதான் அடங்கும்."

"மரத்துப்போன வாய் ஏண்ணா இப்படித் துடிக்குது?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அட, ஆமா. அது இன்னான்னு தெரிலயே."

முருங்கை இலைகளைத் தலையிலிருந்து தட்டிக்கொண்டே என் கணவர் தீர்ப்புச் சொன்னார். "வாய் டாக்டரை வூட்லயே வெச்சுகினு நாம ஏன் மண்டையை உடைச்சிக்கணும்? நீயே பார்த்து ஒண்ணு செலக்ட் பண்ணு." தோப்புக்குப் போய்விட்டால் அவருக்கு இந்த பாஷை ஒட்டிக்கொள்ளும்.

முதலில் கால்நடை மருத்துவரை வரவழைத்தோம். பற்களில் வலி இருந்தால் எந்தக் கடிவாளமும் வலிக்கத்தான் செய்யும். கடைவாய்ப் பற்களின் கூரான ஓரங்களை அவர் நீளமான அரத்தால் ராவினார். 'எப்போ முடியும்?' என்று கேட்காத நோயாளியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் வேலை முடிந்ததும் நானும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத வெறும் ஈறு. அந்த இடைவெளியில்தான் கடிவாளத்தின் இரும்பு உட்கார வேண்டும். இவளுக்கோ நாக்கு மெத்தை மாதிரி தடிமன், மேலண்ணம் தாழ்வு. விரல் நுழைவதே பெரும்பாடாக இருந்தது.

அவளுக்குப் போட்டிருந்த பழைய இரும்பு நடுவில் ஒரே மூட்டு உள்ளது. வாரை இழுத்தால் பாக்குவெட்டி போல மடங்கும். மடங்கிய முனை நேராக மேலண்ணத்தில் குத்தும். பிறகு வாயைப் பிளக்காமல் என்ன செய்வாள்?

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போன என் கணவர், பழைய சாமான் கடையில் வேறொரு கடிவாள இரும்பைத் தேடிப் பிடித்து வந்தார். "ஆன்டிக் பீஸ்" என்று புளி போட்டுத் தேய்த்தார். துரு போனதும் அதன் உள்பக்கத்தில் முள் முள்ளாகத் தெரிந்தது. அவரே அதைப் பரண்மேல் போட்டுவிட்டார்.

அடுத்த தப்பு என்னுடையது. மென்மையான வாய்க்கு மென்மையான பொருள்தானே என்று, ரப்பர் சுற்றிய தடிமனான ஒன்றை வரவழைத்தேன். மாட்டினால் அவளால் வாயை மூடவே முடியவில்லை. எச்சில் ஒழுக என்னைப் பார்த்த பார்வை எனக்கு மிகவும் பழக்கமானது. பல் அச்சு எடுக்கும்போது அளவு பெரிதான தட்டைச் சொருகிவிட்டால் நோயாளிகள் அப்படித்தான் பார்ப்பார்கள். உடனே கழற்றி, மன்னிப்புக் கேட்டேன்.

மூன்றாவதாகத் தேர்ந்தெடுத்தது மெல்லியது. இரண்டு மூட்டுகள், நடுவில் அவரைக்கொட்டை போல வழவழப்பான சிறு துண்டு. இழுத்தாலும் குத்தாமல் நாக்கின்மேல் வளைந்து படுக்கும். புதிது என்பதால் கிளினிக்கில் நன்றாகக் கழுவி, கருவிகள் வைக்கும் தட்டில் காய வைத்திருந்தேன். பல் சுத்தம் செய்ய வந்த பள்ளி ஆசிரியை ஒருவர் நாற்காலியில் சாய்ந்தபடி அதைப் பார்த்துவிட்டார்.

"டாக்டர், அது எனக்கா?"

"இல்லக்கா, குதிரைக்கு."

அவர் மெல்லக் கைப்பையை எடுத்துக்கொண்டார். "நான் அடுத்த வாரம் வரேம்மா."

அந்த இரும்பு அவளுக்குப் பொருந்தியது. வாய் மூடியது, நாக்கு உள்ளே போனது. அண்ணா கயிற்றில் பிடித்து நடத்தியபோது தலையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தாள். ஆனால் என் கணவர் ஏறியதும் மறுபடியும் தலை மேலே போனது. நான் அவர் கைகளைப் பார்த்தேன். பல்லாவரம் பஸ்ஸில் தொங்கும்போது கம்பியைப் பிடிப்பதுபோல வாரை இறுகப் பிடித்திருந்தார்.

இறங்கச் சொன்னேன். பழைய கடிவாளத்தின் இரும்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடச் சொன்னேன். "இப்போ நீங்கதான் குதிரை."

வாரை அண்ணாவிடம் கொடுத்து, "சார் எப்படிப் பிடிக்கிறாரோ அப்படியே பிடிங்க" என்றேன். அண்ணாவுக்கு இதைவிட நல்ல வேலை அதுவரை யாரும் கொடுத்ததில்லை போலும். ஒரே இழுப்பு.

"யோவ், மெதுவா! கை போச்சு!"

"நீ இப்டிதான் சார் புடிக்கிற" என்றார் அண்ணா, முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டே.

என் கணவர் கையை உதறினார். சிவந்திருந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குதிரையிடம் போய்க் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

அதன்பின் சில வாரங்கள் நடை மட்டும்தான். வாரை ஈரத் துணியைப் பிடிப்பதுபோலப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். மறந்து இறுக்கினால் அவள் காதைப் பின்னால் மடித்து உடனே தெரிவிப்பாள். நான் வேலியோரம் நின்று திட்ட வேண்டியதே இருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, தென்னை வரிசை முடியும் இடம்வரை இருவரும் துள்ளோட்டமாகப் போய்த் திரும்பினார்கள். அவள் வாய் மூடியிருந்தது. இரும்பை மெதுவாக மென்றுகொண்டிருந்தாள். உதட்டில் வெள்ளை நுரை.

"நுர வந்துகினு கீது பாரு டாக்டரம்மா, ஜாலியா கீது!" என்று அண்ணா கூவினார்.

நான் பெருமையோடு கிட்டே போனேன். அவள் முகத்தை நீட்டி, அவ்வளவு நுரையையும் என் பட்டுப் புடவையில் நிதானமாகத் துடைத்துக்கொண்டாள். அப்படியே குரோம்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனோம். புடவையில் என்ன கறை என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் அங்கே இருந்த நேரம் முழுக்கக் காத்திருந்தேன்.