கடலில் இருந்தவனின் கோட்டு

துணியில் கத்தரியை வைக்கும் முன் மார்யுன் சித்தி எப்போதும் ஒன்று கேட்பாள்: “ஆள் கரையிலதானே?”

ஃபாரோ தீவுகளின் எங்கள் மூலையில், கடலுக்குப் போனவனின் துணியை அவன் திரும்பும்வரை யாரும் வெட்டுவதில்லை. இந்த உடம்புக்கு இனி உடுப்பு வேண்டாம் என்று கடலிடம் சொன்னதாகிவிடும். மற்றபடி சித்தி வெட்டாத துணி கிடையாது. யாரும் போடாமல் அலமாரியில் கிடக்கும் கோட்டு, இடுப்பில் ஏறாத கால்சட்டை, வாங்கியதோடு மறந்துபோன பாவாடை எல்லாம் அவள் சமையலறை மேசைக்கு வந்து சேரும். தையலைப் பிரிப்பாள், ஈரத்துணி போட்டுத் தேய்ப்பாள், வெளுத்த பக்கத்தை உள்ளே திருப்புவாள். சித்தப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு மகன் ரோயை இந்த வேலையில்தான் வளர்த்தாள். இப்போது ரோய் ஹானுஸின் படகில் போகிறான்.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து சித்தியின் மாடியறையில் தங்கியிருந்தேன். ஒரு நாள், அந்தப் படகு கடலில் இருந்தபோது, ஹானுஸின் மனைவி பிரித்தா ஒரு நீலக் கம்பளிக் கோட்டோடு வந்தாள். செத்துப்போன அப்பாவுடையது, மகளுக்குக் கால்சட்டையாகத் தைக்க வேண்டும் என்றாள். வெயில் நாளிலும் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தாள். செத்தவர் துணிதானே என்று சித்தி கோட்டின் கைகள் இரண்டையும் வெட்டி எடுத்தாள்.

அதன்பின் உள்துணியைப் புரட்டியவள் அப்படியே நின்றாள். அக்குளுக்குக் கீழே கட்டம் போட்ட ஓர் ஒட்டு. ரோயின் பள்ளிச் சட்டையிலிருந்து வெட்டி, ஹானுஸ் கல்யாணத்துக்கு முன் கொண்டுவந்த கோட்டில் அவளே வைத்துத் தைத்தது.

“தெரிஞ்சுதான் கொண்டுவந்தேன் அக்கா,” என்றாள் பிரித்தா. “அவன் திரும்பி வரக்கூடாது.”

“அந்தப் படகுல எம்புள்ளையும் இருக்கான்டி.”

“நான் ஒருத்தன் துணியத்தானே குடுத்தேன். கடல் ஒருத்தனத்தான் எடுத்துக்கும்.”

வெளியே காற்று திசை மாறியிருந்தது. வானொலி வடக்கே புயல் என்றது. படகுக்கு அழைத்தால் பதில் இல்லை. சித்தி ஊசியில் நூலைக் கோத்து, வெட்டிய கைகளை மறுபடி கோட்டோடு சேர்த்துத் தைக்கத் தொடங்கினாள். பிரித்தா எழுந்து போகவில்லை. எதிரே உட்கார்ந்து ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை முடிந்தபோது, கழுத்துப் பொத்தானைத் தொட்டபடி மெல்லச் சொன்னாள்:

“அந்த வலது கைய மட்டும் தைக்காம விட்டுடுக்கா.”

ஊசி ஒரு கணம் நின்றது. பிறகு சித்தி அதையும் தைத்தாள்.

மறுநாள் காலை, ஜன்னல் கண்ணாடி உடைந்த நிலையில் படகு கரை சேர்ந்தது. ரோய் முதலில் குதித்தான். சித்தி அவனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய்க் கோட்டை ஹானுஸிடம் நீட்டி, போட்டுக்கொள்ளச் சொன்னாள். தையலுக்குள் துணி அதிகம் போனதில் கோட்டின் வலது கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றது.

“என் கோட்ட எலி தின்னுச்சா?” ஹானுஸ் சிரித்துக்கொண்டே கேட்டான். கேள்வி எல்லோருக்கும், பார்வை மனைவி மேல். பிரித்தா சித்தியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“கழட்டிக் குடு, சரி பண்ணணும்,” என்றாள் சித்தி. பிரித்தாவிடம், மகளுக்கு அளவெடுக்க வேண்டும், இப்போதே கூட்டிக்கொண்டு வா என்றாள்.

தாயும் மகளும் வந்தார்கள். சாப்பிட்டார்கள். போகிறோம் என்று பிரித்தா எழுந்தபோதெல்லாம் அளவு இன்னும் முடியவில்லை என்றாள் சித்தி. இரவில் நான் அவர்களுக்கு மாடியில் என் கட்டிலைக் காட்டிவிட்டு இறங்கும்போது, யாரோ வாசல் கதவை உள்ளங்கையால் அறைந்தார்கள். ரோய் எழுந்து கதவுக்குப் போனான்.

சித்தி கோட்டை மேசையில் விரித்தாள்.

“ஆள் கரையிலதான்,” என்று சொல்லி, கோட்டின் வலது கைமேல் கத்தரியை வைத்தாள்.