விசிலுக்குத் தூக்கிய கை

திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ விசில் ஊதினார்கள். எனக்கு முன்னால் முருங்கைக்காய் விலை கேட்டுக்கொண்டிருந்த பெட்டை வாய் திறந்தபடியே நின்றுவிட்டாள். சைக்கிளில் காலூன்றியவன், சோடா குடித்தவன் என்று இளசுகள் எல்லாம் சிலையாக நின்றார்கள். என் ஒரு கை தானாக உயர்ந்தது. மற்றக் கை பைக்குள் அடையாள அட்டையைத் தேடியது.

யுத்த காலத்து இராணுவச் சுற்றிவளைப்பொன்றில், விசில் ஊதியும் நிற்காமல் நடந்த என் அண்ணன் வீடு திரும்பவில்லை. அன்றிலிருந்து என் உடம்புக்கு விசில் என்றால் ஒரே அர்த்தம்தான்.

மறுபடி விசில் ஊத, எல்லோரும் கைதட்டிச் சிரித்துக் கலைந்தார்கள். அதற்குப் பெயர் ‘பிளாஷ் மொப்’பாம். போனில் குழு வைத்துப் பேசி வந்திருக்கிறார்கள். பேசி வந்தவர்களுக்கு விளையாட்டு. காய் வாங்க வந்த எங்களுக்கு யார் சொன்னது? எனக்குப் பின்னால் வெற்றிலை விற்ற மனுசியும் கையைத் தூக்கியிருந்தாள். அவர்கள் எடுத்துப் போட்ட வீடியோவில் அவளை வெட்டிவிட்டு என்னை மட்டும் வைத்திருந்தார்கள். ‘ஆன்ரி சரண்டர்’ என்று தலைப்பு வேறு. கனடாச் சொந்தமொன்று அதை எனக்கே அனுப்பிச் சிரித்தது.

அதை அழிக்கும்படி தெரிந்தவர்கள் மூலம் சொல்லி அனுப்பினேன். சில நாளில் அந்த முருங்கைக்காய்ப் பெட்டை வீட்டுக்கே வந்தாள். கையில் குச்சி, குச்சியில் போன்.

“அம்மா, மன்னிப்புக் கேக்க வந்தனான்.”

“முதல் உந்தப் போனை நிப்பாட்டு பிள்ளை. பிறகு அந்த வீடியோவை அழி.”

“அழிக்கிறன் அம்மா. இப்ப லைவ் போகுது, நிப்பாட்டேலாது. அண்டைக்கு ஏன் கை தூக்கினனீங்கள் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ, சனம் கேக்குது.”

அவள் கேட்கவில்லை, சனம் கேட்கிறதாம். அண்ணனின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. போனில் சிவப்பு இதயங்கள் பறந்துகொண்டிருந்தன. அந்தக் கூத்துக்குள் அவனைக் கொண்டுபோய் விட எனக்கு மனம் வரவில்லை.

“சொல்லுங்கோ அம்மா. அழுதாலும் பரவாயில்லை.”

கையைத் தூக்கி ஓங்கி ஓர் அடி. போன் முற்றத்தில் போய் விழுந்தது.

முதல் வீடியோவை அவள் அழிக்கவில்லை. இப்போது அதுவும் அன்றைய லைவும் சேர்ந்தே ஓடுகின்றன. இரண்டிலும் என் கை உயர்ந்திருக்கிறது. இரண்டாவதை அழிக்கச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை.