எண்பது என்று போட்ட பெட்டி

பக்கத்துக் காம்பரா கறுப்பையா அண்ணன் ஹேவாஹெட்டப் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்தில் நாற்பது வருஷம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவர். நல்ல மனுஷன்தான், ஆனால் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டார். அவர் ஓய்வு பெற்றபின், மனைவி பேச்சியம்மா கொழுந்து எடுக்கும்வரைதான் தோட்டம் கொடுத்த அந்த லயக் காம்பரா, வரிசை வீடுகளில் ஒன்று, அவர்களுக்கு. சுவரில் கைவைத்தால் தோட்ட நிர்வாகம் வெளியேற்றிவிடும்.

மகள் கமலம் குவைத்தில் வீட்டு வேலை செய்தாள். ஒருநாள் போனில் சொன்னாள்: "அப்பா, டீவி ஒன்னு அனுப்பியிருக்கேன். பெட்டியில எண்பதுன்னு போட்டிருக்கு. மாட்ட எடம் பாத்து வைங்க."

கண்டிக் கடைகளில் முப்பத்திரண்டு, நாற்பத்துமூன்று என்றால் அங்குலம். எண்பதும் அங்குலம்தான் என்று அவரே முடிவு கட்டினார். ஆறடி எட்டு அங்குலம்! காம்பராவுக்குள் இருந்த இரண்டு சிற்றறைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்தால்தான் பக்கச்சுவர் அத்தனை நீளத்துக்குக் கிடைக்கும்.

"அண்ணே, புள்ளைகிட்ட இன்னொருக்கா கேளுங்க. ஆறடி டீவிய வச்சு இங்க என்ன தியேட்டரா நடத்தப் போறீங்க?" என்றேன்.

"ஒனக்கு வயித்தெரிச்சல், தங்கச்சி."

"தோட்டத்துத் தொரைகிட்ட கேட்டீங்களா?" என்றாள் பேச்சியம்மா.

"டீவி வந்தா தொரையே பாக்க வருவாரு, போடி."

விடாத மழை. பாதிச் சுவரை இடித்திருந்தார். மூன்றாம் நாள் மீதிச் சுவர் தானாகவே சரிந்தது, மேலே இருந்த விட்டமும் கூடவே வந்தது. அடுப்பு ஊதிக்கொண்டிருந்த பேச்சியம்மாவின் இடது கால் அதில் மாட்டிக்கொண்டது. கண்டி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே பெட்டி வந்தது. நான் ஒருத்தியே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். எண்பது சென்டிமீட்டர். அதுவும் மூலைக்கு மூலை அளந்த அளவு.

"இம்புட்டுத்தானா?" என்றார் அண்ணன்.

ஒற்றைக் காலோடு மலையேற முடியுமா? தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பேச்சியம்மாவின் பேரை வெட்டினார்கள். சுவரை இடித்த குற்றத்தையும் எழுதி, ஒரு மாதத்தில் காம்பராவை விடச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்கள்.

கமலம் போனில் கூப்பிட்டாள். "மாட்டியாச்சாப்பா? எடம் பத்துச்சா?"

"பத்துச்சு தாயி."

"அம்மாவக் குடுங்க."

"கொழுந்துக்குப் போயிருக்கா."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பாயில் கிடந்த பேச்சியம்மா அவரையே பார்த்தாள். நான் போனைப் பிடுங்கினேன்.

"கமலம், ஒங்கம்மாவுக்கு ஒரு கால் போயிருச்சு. காம்பராவும் போகப்போகுது. பொறப்பட்டு வா."

அழுது முடித்துத்தான் அவளால் பேச முடிந்தது. "பாஸ்போட் இந்த வீட்டுக்காரங்க கையில இருக்கு அத்த. இன்னும் ஒன்றர வருஷத்துக்கு விடமாட்டாங்க."

மாதக் கடைசியில் கலகெதரவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பின்கொட்டிலுக்கு டீவிப் பெட்டியோடு போனார்கள். அங்கே கரண்டு இல்லை.