சாமியாரின் இன்னொரு பெயர்

அந்தத் தொழிற்சாலை கேன்டீனின் தலைமைச் சமையல்காரருக்குத் தன் கைப்பக்குவத்தின் மேல் அபார நம்பிக்கை. தொழிலாளர்கள் தினமும் தட்டைக் காலி செய்தார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு சாப்பாட்டுக் கடையே கிடையாது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டிலும் கரண்டியை மனைவியிடம் விட்டதில்லை.

அந்த வீட்டுக்கு ஒரு பூனை வந்து சேர்ந்தது. அவர் தன் கையால் வறுத்த மீனை வைத்தால் ஒருமுறை முகர்ந்து பார்க்கும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தவத்தில் உட்கார்ந்துவிடும். வேறு யாராவது என்றால் துளி சந்தேகமாவது வந்திருக்கும். இவர் அதற்குச் ‘சாமியார்’ என்று பெயர் வைத்தார்.

“எங்க சாமியார் ஆசையை அடக்கினவரு. என் மீனையே வேணாம்னுட்டாரு, பாருங்க!” என்று கேன்டீன் முழுக்கச் சொல்லிப் பூரித்தார். தற்பெருமை தலைக்கேறினால் மூளைக்கு அங்கே இடமிருக்காது போலும். சாமியாரின் தொப்பையோ நாளுக்கு நாள் பெருத்தது. தியானத்தின் சக்தி என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாமியாரைக் காணோம். தேடிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே இருப்பவள் பள்ளி வேன் ஓட்டுகிற பெண்; தனிக்கட்டை. கிடைத்ததை உப்பும் மிளகும் போட்டு வேகவைத்துச் சாப்பிடுகிறவள். அவள் சமையலறையில் சாமியார் தட்டுக்குள் தலையை விட்டு மீனை விழுங்கிக்கொண்டிருந்தது.

“வாங்கண்ணே. இவனுக்கு நான் வெச்ச பேரு வாரிச்சுருட்டி. முள்ளைக்கூட விடமாட்டான்.”

சமையல்காரருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உப்புமிளகுக்கு விலைபோன துரோகியைத் தூக்கப் பாய்ந்தவர், கதவுக்குப் பின்னாலிருந்த மேசையைப் பார்த்து அப்படியே நின்றார். அங்கே அவர் மனைவி சோறும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

“இங்க என்ன பண்றே?”

“சாப்பிடறேங்க.”

“பூனையைத் தேடி வந்தியா?”

“பூனைக்கு வழி காட்டினதே நான்தான்.”

“நல்லா இல்லைன்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே?”

“எப்படிங்க சொல்றது? ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியோட நின்னு என் மூஞ்சியையே பார்ப்பீங்க. பாவமா இருக்கும்.”

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். பாவம் பார்த்தவளிடம் என்ன சண்டை போடுவது? இத்தனை வருஷமும் சேர்ந்து நெஞ்சில் வலித்தது. வயிறு மட்டும் வெட்கங்கெட்டது. அந்த மீன் வாசனைக்கு அது சத்தமாகவே கூப்பாடு போட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்கும் ஒரு தட்டு குடும்மா” என்றார்.

பங்குக்கு ஆள் வந்துவிட்டதென்று சாமியார் அவரைப் பார்த்து உறுமியது.