“எந்த நாடு?”: மணிப்பூர் ஈமாவோடு ஒரு நாள் ஸ்ரீரங்கம்

போன வாரம் ஒரு தம்பி பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: “மேடம், என் மணிப்பூர் நண்பரையும் அவர் குடும்பத்தையும் ஸ்ரீரங்கம் கூட்டிப் போறேன். ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?” தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது தம்பி. அதைச் சொல்ல நான் எண்பதுகளின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். நாற்பது வருடம் ஆகியும் வயிற்றெரிச்சல் அடங்காத கதை இது. அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் திருச்சி கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் பக்கத்து வீட்டில் இபோம்சா என்ற மணிப்பூர் பையன், அவனும் அங்கேதான் இன்ஜினியர். பொங்கல் முடிந்த கையோடு அவன் அம்மா இம்பாலில் இருந்து வந்திறங்கினார். பஸ், ரயில், மறுபடி ரயில் என்று ஒரு வாரப் பயணம். அவன் அவரை ‘ஈமா’ என்று கூப்பிடுவான். அவர்கள் மொழியில் அம்மா. நாங்களும் ஈமா என்றே கூப்பிட்டோம்.

ஈமா வந்தது மகனைப் பார்க்க மட்டுமல்ல. அவர்கள் பரம்பரை வைஷ்ணவர்கள். கழுத்தில் துளசி மாலை, மூக்கில் தொடங்கி நெற்றி உச்சி வரை கோபி சந்தன நாமம், வீட்டில் கிருஷ்ணன் பூஜை. சாவதற்குள் ஒரு முறை ஸ்ரீரங்கத்துப் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்பது அவர் விதவையான நாளில் இருந்து வைத்திருந்த ஆசையாம். ஊர் திரும்பும் ரயிலுக்கு முந்தின நாளைக் குறித்து வைத்திருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து இபோம்சாவுக்கு லீவு கேன்சல். பிளாண்டில் ஏதோ அவசரம். “அக்கா, நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?” என்று வந்து நின்றான். கணவரோடு சில வருடம் வடக்கே இருந்ததால் எனக்கு அரைகுறை ஹிந்தி வரும், ஈமாவுக்கும் அரைகுறை ஹிந்தி வரும். அது போதும் என்று கிளம்பிவிட்டோம்.

காலை ஆறரைக்கு டவுன் பஸ். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை சுமார் பதினைந்து கிலோமீட்டர். அங்கிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம். இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று ரூபாய்க்குள் முடிந்தது. பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். ஈமா அவர்கள் ஊர் வழக்கப்படி வெளிர் நிறத்தில் ஒரு துணியை மார்புக்குக் கீழே வரிந்து கட்டி, மேலே மெல்லிய போர்வை போட்டிருந்தார். பின் சீட்டில் ஒருவர் ஜப்பான் என்றார், இன்னொருவர் பர்மா என்றார். கண்டக்டர் என்னிடம் மரியாதையாகவே கேட்டார்: “எந்த நாடுங்க இவங்க?” நம்ம நாடுதான் என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

அம்மா மண்டபம் படித்துறையில் ஈமா கட்டிய துணியோடு காவிரியில் மூழ்கினார். தைக் குளிரில் பல் கிடுகிடுக்க, ஊரில் இருந்து கொண்டுவந்த சந்தனக் கட்டியைக் குழைத்துப் புதிதாக நாமம் இட்டுக்கொண்டார். முந்தின ராத்திரியில் இருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை, சேவித்த பிறகுதான் சாப்பாடு என்று சொல்லிவிட்டார். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் நடை. அப்போது தெற்கு ராஜகோபுரம் இன்றைக்கு நீங்கள் பார்க்கும் உயரத்தில் இல்லை. பகல் பூஜைக்குத் திரை போடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்பதுதான் எனக்குக் கவலை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஸ்டெல்லா. பிறந்து வளர்ந்தது திருச்சியில், கத்தோலிக்கக் குடும்பம். இந்துக்கள் அல்லாதவர் உள்ளே போகக் கூடாது என்று பலகை வைத்திருக்கும் வாசல் வரை போய், அங்கே வரிசையில் நல்ல மனசுக்காரி யாரிடமாவது ஈமாவை ஒப்படைத்துவிட்டு வெளியே நிற்பதுதான் என் திட்டம். நான் அன்றைக்குக் கட்டியிருந்தது சாதாரணக் கைத்தறிப் புடவை, தலையில் முல்லைப்பூ. திருச்சியில் நாங்களும் பூ வைப்போம், பொட்டும் வைப்போம்.

வாசலில் நல்ல கூட்டம். யாரிடம் ஒப்படைக்கலாம் என்று நான் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஜரிகைத் துண்டு போட்ட ஒரு பெரிய மனிதர் முன்னால் வந்து ஈமாவுக்கு நேரே கையை நீட்டித் தடுத்தார்.

“நீங்க உள்ள போங்கம்மா,” என்றார் என்னைப் பார்த்து. “இவங்க ஃபாரினர், இதோட நிக்கணும். எந்த நாடு இவங்க?”

மணிப்பூர் என்றேன். மணிப்பூர் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டார். சத்தியமாகக் கேட்டார். இந்தியாவில்தான் என்றதும் ஈமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பார்த்தா நம்ம நாட்டு ஆள் மாதிரியே இல்லையே,” என்றார். நெற்றியில் இருந்த நாமம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கழுத்து மாலை தெரியவில்லை. மூக்கும் கண்ணும் மட்டும் தெரிந்தன.

இதற்குள் ஈமா ஒரு காரியம் செய்தார். அந்த மனிதர் கை நீட்டியதுமே சட்டென்று தரையில் உட்கார்ந்து தன் துணிமூட்டையை அவிழ்த்துவிட்டார். ஈரத்துணி, பித்தளைச் செம்பு, பெருமாளுக்கென்று கொண்டுவந்த அவர்கள் ஊர்க் கருப்பரிசிப் பொட்டலம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கல்தரையில் வரிசையாக வைத்தார். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார். எதையோ தேடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

“சார், நான் கிறிஸ்டியன். என் பேரு ஸ்டெல்லா,” என்றேன். வரிசை முழுக்கத் திரும்பியது. “என்னை உள்ள போகச் சொல்றீங்க. நாமம் போட்டுக்கிட்டு, பட்டினி கிடந்து, ஒரு வாரம் ரயில்ல வந்தவங்களைப் பார்த்து எந்த நாடுன்னு கேக்குறீங்க. மூஞ்சியப் பார்த்துத்தான் நாட்டைக் கண்டுபிடிப்பீங்களா?”

கூட்டத்தைச் சரிசெய்துகொண்டிருந்த கோயில் ஊழியர் சத்தம் கேட்டு ஓடி வந்து, முதல் கேள்வியாக அந்தப் பெரியவரைத்தான் நீங்கள் யார் என்று கேட்டார். மன்னார்புரத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவராம், சாமி கும்பிட வந்தவராம். அவ்வளவுதான்! காவல் காக்க அவரை யாரும் வைக்கவில்லை, அவராகவே வைத்துக்கொண்டார். ஊழியர் ஈமாவைப் பார்த்துக் கைகூப்பி, போகலாம் என்று சைகை காட்டினார். என்னிடம், நீங்கள் மட்டும் இங்கே நில்லுங்கம்மா என்று தணிந்த குரலில் சொன்னார். நின்றேன்.

வரிசையில் மணப்பாறைப் பக்கத்து அம்மா ஒருத்தி, இடுப்பில் பேரப்பிள்ளையோடு, குனிந்து ஈமாவின் மூட்டையைக் கட்டிக் கொடுத்தாள். “எந்த ஊரும்மா நீங்க? சரி, என் கையப் புடிச்சுக்குங்க,” என்று பதிலுக்குக் காத்திராமல் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கும் ஈமா பேசும் மொழி தெரியாது. ஆனால் எந்த ஊர் என்று கேட்டாள் பாருங்கள். நம்மோடு சேர்ந்தவர்களை ஊர் கேட்போம், சேராதவர்களை நாடு கேட்போம். காந்தி மார்க்கெட்டில் நாட்டுக்கோழி எது, நாட்டுத்தக்காளி எது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவோம். மனிதர்களையும் அப்படியே தரம் பிரிக்கலாம் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

முக்கால் மணி நேரம் கழித்து ஈமா வெளியே வந்தார். அழுது முடித்த முகம், ஆனால் அப்படி ஒரு சிரிப்பு. திரை போடும் முன் பார்த்துவிட்டாராம். இரண்டு கையாலும் என் கையில் துளசி வைத்தார். வெளியே ஒரு ஓட்டலில் ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம்.

சாயங்காலம் இபோம்சாவிடம் நடந்ததைச் சொல்லி, அம்மா ஏன் மூட்டையைப் பிரித்தார் என்று கேட்டேன். “எங்க ஊர்ல யாராவது கை நீட்டினா அப்படித்தான் செய்யணும் அக்கா. மார்க்கெட் போயிட்டு வர்றப்போ காய்கறிக் கூடையைக்கூடக் கொட்டிக் காட்டுவாங்க.”

யாருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டேன்.

“துப்பாக்கியோட ரோட்டுல நிப்பாங்களே பட்டாளத்துக்காரங்க, அவங்களுக்கு. நம்ம நாட்டு ஆளுங்கதான்.”

தம்பி, உங்களுக்கான குறிப்புகள் இவைதான். காலையில் சீக்கிரம் போங்கள், பகல் பூஜை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மார்கழி, தை என்றால் காவிரிக் குளியலுக்கு மாற்றுத்துணியும் துண்டும் அவசியம். வாசலில் அதிகாரம் செய்பவர் யாராக இருந்தாலும், அவர் கோயில் ஆள்தானா என்று முதலில் கேளுங்கள். உங்கள் நண்பரை எவராவது எந்த நாடு என்று கேட்டால் சிரித்து மழுப்பாதீர்கள். முகத்துக்கு நேரே கோபப்படுங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது.

இன்னொன்று இருக்கிறது, அது குறிப்பில் சேராது. மறுநாள் காலை ஜங்ஷனில் ஈமாவை வழியனுப்பப் போயிருந்தேன். ரயில் கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். இபோம்சா தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான்.

“நீங்க இந்த ஊர்லயே பிறந்தவங்கதானே, உங்களை ஏன் உள்ள விடலைன்னு அம்மா கேக்குறாங்க.”

நான் கிறிஸ்டியன், அது கோயில் விதி, எனக்கு அது சின்ன வயதில் இருந்தே பழக்கம் என்றேன். அவன் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு ஈமா இன்னொன்று கேட்டார்.

“அதுக்கு உங்களுக்குக் கோபம் வரலையான்னு கேக்குறாங்க அக்கா.”

முந்தின நாள் அத்தனை பேர் முன்னால் அந்தக் கத்து கத்தியவள் நான். ரயில் நகரும் வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.